அம்மா அத்தையான ஞாயிற்றுக்கிழமை

மாமாவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை எனக்குத் தெரியாது. பெங்களூர் சிவாஜிநகரில், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். வாரம் முழுவதும் விரலில் வார்னிஷ் வாடையோடு வந்து, சாப்பிட்டு, டிவியைப் போட்டு அதன் முன்னாலேயே தூங்கிப்போவார். என்னிடம் அவர் பேசுவது “ஓரமா போய் விளையாடு” என்பதோடு சரி. அப்படிப்பட்டவர் அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னைத் தூக்கிச் சமையல் மேடைமேல் உட்காரவைத்து, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“இன்னிக்கு லால்பாக் போறோம். அங்க ஒரு ஆட்டம். நான் உனக்கு அப்பா. அத்தைதான் உனக்கு அம்மா. உங்கம்மா உனக்கு அத்தை. யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும். ஒரு தடவை மாத்திச் சொன்னாலும் நீ அவுட்டு.”

அத்தை என்று நான் கூப்பிட்டது மாமாவின் மனைவியை. ஆக, வீட்டில் இருக்கிற இரண்டு பொம்பளைகளை இடம் மாற்றிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஏழு வயது. அவுட்டாவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எந்த ஆட்டத்திலும் கடைசி ஆளாக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஆட்டம் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டேன். நான் சொல்லும்போது முடியும் என்றார் மாமா. அம்மா அடுப்பின் பக்கம் நின்று, இந்த ஊர்ப் புளியோதரையான புளியோகரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

என் அப்பா எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர். நான் நடை பழகி முடித்திருந்த வயதில், ஓசூர் ரோட்டில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் போய்ச் செருகிவிட்டார். அவருடைய முகம் எனக்கு ஃபோட்டோவில் பார்த்த முகம்தான். அதன் பிறகு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தொம்மலூரில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இந்திராநகரில் ஒரு பிளே ஸ்கூலில் ஆயா வேலை கிடைத்தது. பகலெல்லாம் யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு ஊட்டி, மூக்குத் துடைத்து, தூங்கவைத்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் வரும்போது அவளிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. தலையை என் மடியில் வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் அவளுக்குப் பேன் பார்ப்பேன்.

மாமா கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை முடிந்தபின் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தங்கைக்கு இன்னொரு வாழ்க்கை அமைத்துக்கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நிஜமாகவே அலைந்தார். வந்த வரன்கள் எல்லாம் அம்மாவின் ஃபோட்டோவைப் பார்த்துத் தலையாட்டும். ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றதும் ஜாதகம் பொருந்தவில்லை என்று நழுவிவிடும். ஜாதகமே கேட்காதவர்களும் இதையேதான் சொன்னார்கள். மாமா பட்டுப் பட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார். குழந்தையைப் பற்றிச் சொன்னால்தானே தட்டிப்போகிறது, சொல்லாமல் விட்டால்? அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. என்னை அவர்களே வைத்துக்கொள்வது, அம்மா போகிற இடத்துக்குத் தனியாளாகப் போவது. அத்தைக்கு இதில் சம்மதம் என்று சொன்னால் போதாது, ஆசை. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஆட்டம் மட்டும்தான்.

வீட்டில் வைத்துப் பெண் காட்ட முடியாது. நாங்கள் இருந்தது ஒரு வட்டாரத்தில். பெங்களூரில் வட்டாரம் என்றால், ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய், எல்லோர் காதும் எல்லோர் வீட்டுக்குள்ளும். புது முகம் உள்ளே வந்தால் எதிர் வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து, “யாரு பாப்பா, உங்கம்மாவப் பார்க்கவா?” என்று கேட்டாலே போதும், குட்டு உடைந்துவிடும். இதற்கென்று இந்த ஊரில் வேறு ஏற்பாடு உண்டு. இரண்டு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை லால்பாக்குக்குக் காற்று வாங்க வரும். தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பிடித்திருந்தால் பேச்சு வளரும். பிடிக்காவிட்டால் காற்று வாங்கிய கணக்கில் திரும்பிவிடலாம், யாருக்கும் அவமானம் இல்லை.

அன்று எனக்குத் தலைவாரிவிட்டது அத்தை. வழக்கமாக அம்மாதான் வாருவாள், இழுத்துப் பிடித்து அவசரமாக. அத்தை சிடுக்கை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். இரட்டைப் பின்னல் போட்டு முடித்து, என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, “எங்க, ஒரு தடவ கூப்பிடு” என்றாள். அம்மா என்றேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னாள். அந்தப் பக்கம் கண்ணாடியின் முன்னால் என் அம்மா தலையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பூ வைத்து நான் பார்த்தது அன்றுதான். அழகாக இருந்தாள். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எப்படிக் கூப்பிட்டுச் சொல்வது என்று யோசித்ததில் சொல்லாமலே போய்விட்டது.

சாந்திநகர் போகும் பஸ்ஸில் மாமா என்னைப் பரீட்சை செய்துகொண்டே வந்தார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தோளைத் தட்டி, அம்மாவைக் காட்டி யார் இது என்பார். அத்தை என்பேன். தன்னைக் காட்டுவார். அப்பா என்பேன். நினைவு தெரிந்து யாரையும் அப்பா என்று கூப்பிடாத எனக்கு அந்தச் சொல் நாக்கில் புதிதாக இருந்தது, சும்மாவே இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாமா சிரித்தார். அம்மா புளியோகரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

வெளியே மார்கழிக் குளிர்காற்று அடித்தது. லால்பாக்கின் மதிலுக்குள் நுழைந்ததும் அது நின்றுபோயிற்று. பெரிய பெரிய மரங்கள் காற்றைத் தங்களுக்குள்ளேயே வாங்கிக்கொண்டன. கண்ணாடி மாளிகையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், வெயில் படக்கூடாத செடிகளுக்கென்று பச்சை வலை கட்டிய ஒரு கொட்டகை இருந்தது. உள்ளே பெரணிச் செடிகள் தொட்டி தொட்டியாக நின்றன, தரையில் பாசி, மேலே குழாயிலிருந்து சாரல் மாதிரி தண்ணீர். அதன் வாசலுக்கு எதிரே புல்தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து எங்களுக்கு முன்பே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்களை நோக்கி நேராகப் போய், ஆச்சரியத்தில் அப்படியே நின்று, “அடடே, நீங்க எங்க இந்தப் பக்கம்?” என்றார். நம்பவைக்க வேண்டியவர்கள் அங்கே யாருமே இல்லை. எதிரில் இருந்தவரும் பாவம், சும்மா காற்றாட வந்ததாகச் சொன்னார்.

அவர்கள் மூன்று பேர். ஜே.சி. ரோட்டில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தவர், அவருடைய அக்கா, அவருடைய மகன். அவருடைய மனைவி, அந்தப் பையனின் அம்மா, மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தாள். பையனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு அந்த அக்காவின் புடவையைப் பிடித்தபடி இருந்தான். கடைக்காரர் ஒல்லியாக, குனிந்த முதுகோடு இருந்தார். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் புளியோகரை வைத்தார்கள். பையன் சாப்பிட மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டான். அம்மா அவனைத் தன் பக்கம் இழுத்து உட்காரவைத்து, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, நிலக்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டினாள். அவன் ஆவென்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். வாயோரம் ஒட்டியதைத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டாள். அத்தை எனக்கு ஊட்டுகிறேன் என்று ஒரு பெரிய உருண்டையை வாயில் திணித்தாள், அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்த அக்கா, அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கொழந்தைங்களோட உங்களுக்கு நல்ல பழக்கம்” என்றார். பிளே ஸ்கூல் வேலை அப்படி என்று மாமா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

அதன் பிறகு அந்தக் கடைக்காரர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேரையும் வகுப்பையும் கேட்டார். அம்மா எங்கே என்று கேட்டார். நான் இதற்காகத்தானே காத்திருந்தேன். ஒரு நொடி தயங்காமல் அத்தையைக் காட்டினேன். அப்பா? மாமாவைக் காட்டினேன். அப்போ இவங்க யாரு என்று அம்மாவைக் காட்டிக் கேட்டார். எங்க அத்தை என்றேன். அவரும் அவருடைய அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதை மெச்சுதல் என்று எடுத்துக்கொண்டேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை, நான் ரேங்க் வாங்கி வந்தபோதுகூட அதைப் பார்த்ததில்லை.

பெரியவர்கள் பேசவேண்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் விளையாட அனுப்பினார்கள். அவன் கொட்டகைக்குள் ஓடினான், நான் துரத்தினேன். துரத்தும்போது எனக்கு அவன்மேல் கோபம் இருந்தது. என் அம்மாவின் முந்தானையில் வாய் துடைத்தவன். பெரணித் தொட்டிகளுக்கு நடுவில் அவனை எட்டிப் பிடிக்கும் நேரத்தில் பாசி வழுக்கி, பாத்தியின் விளிம்பில் பதித்திருந்த செங்கல் முனையில் என் மோவாய் போய் மோதியது. கையை வைத்துப் பார்த்தால் கையெல்லாம் ரத்தம். சட்டையிலும் வழிந்தது. நான் அம்மா என்று அலறினேன்.

அடிபட்டால் யாரும் அப்படித்தான் அலறுவார்கள். ஆட்டத்தின்படியும் அது தப்பில்லை, அன்று அம்மா என்றால் அத்தை. ஆனால் அந்த அலறல் எந்த அம்மாவுக்கு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. கொட்டகை வாசல் வழியாக எல்லோரையும் பார்க்க முடிந்தது. அம்மா பாதி எழுந்துவிட்டாள். ஒரு முழங்கால் தரையிலும் ஒரு கால் ஊன்றியபடியும் இருந்தாள். மாமா அவளைப் பார்க்காமலே, “நீ உக்காரும்மா, அதான் அவங்கம்மா போறாளே” என்றார். அத்தை ஓடிவந்துகொண்டிருந்தாள். அம்மா அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த டப்பாவின் மூடியை எடுத்து மூடினாள்.

அத்தை ரத்தத்தைப் பார்த்ததும் இரண்டு எட்டு தள்ளியே நின்றுவிட்டாள். அவள் பின்னாலேயே வந்த அந்த மனிதர்தான் என்னைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்க் கழுவி, தன் கைக்குட்டையை மடித்து மோவாயில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அழுகையை அடக்கிக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து, சமர்த்து என்றார். என்னைத் தூக்கியபடியே ஜமுக்காளத்துக்கு வந்து, அம்மாவுக்கு நேர் எதிரில் இறக்கிவிட்டார். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. நேரா உங்ககிட்டயே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்களுக்குக் கொழந்தை எதுவும் இருக்கா? இருந்தா தாராளமா சொல்லுங்க.”

மாமா வாயைத் திறந்தார். அந்த அக்கா கையை லேசாகத் தூக்கி அவரை நிறுத்தினார். அம்மா நிமிர்ந்து முதலில் அண்ணனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் கைக்குட்டைக்கு மேலே கண்ணை அகலமாகத் திறந்து, வேண்டாம், சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினேன். இவ்வளவு தூரம் ஆடிவிட்டு இவள் அவுட்டாகிவிடப் போகிறாளே என்று எனக்குக் கவலை.

“இல்லைங்க” என்றாள் அம்மா.

அவர் தலையை மட்டும் அசைத்தார். அதற்கப்புறம் பேச்சு சிவாஜிநகர் டிராஃபிக், கடை வாடகை என்று எங்கெங்கோ போயிற்று, சீக்கிரமே முடிந்தும் போயிற்று. ஜமுக்காளத்தை மடித்தார்கள். எல்லோரும் கிளம்பி நின்றபோது அந்த அக்கா ஒரு துணிக்கடைக் கவரை என் கையில் கொடுத்து, “இந்தா, இது உனக்குன்னுதான் வாங்கினது” என்றார். அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பையன் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான். விரல்களைப் பிரித்துத்தான் கூட்டிப்போனார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் பிடிக்காதவர்கள் பெண் வீட்டுக் குழந்தைக்குத் துணி கொடுப்பார்களா என்று அத்தையிடம் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷம்தான். நன்றாக ஆடியதற்குப் பரிசு கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மா என் கையிலிருந்து கவரை வாங்கிப் பிரித்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன், அதற்குத் தோதாக மஞ்சள் ரிப்பன். அம்மா கவுனை விரித்து என் தோளோடு வைத்துப் பார்த்தாள். தோள் சரியாக இருந்தது. நீளம் சரியாக இருந்தது. அவள் அதைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

“அண்ணா, இவ இருக்கான்னு அவங்களுக்கு மொதல்லயே தெரியும்” என்றாள்.

மாமா சிரிப்பை நிறுத்தினார்.

விஷயம் இதுதான். இந்த வரனைக் கொண்டுவந்த தரகர் இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கப் பார்த்தவர். குழந்தையைப் பற்றி மூச்சு விடவில்லை என்று மாமாவிடம் சத்தியம் செய்திருந்தார். அவர்களிடமோ, ஏழு வயதில் சாதுவான ஒரு பெண் குழந்தை உண்டு, உங்கள் பையனுக்கு அக்காவாகிவிடும் என்று சொல்லியிருந்தார். அவர்கள் அன்று அம்மாவை மட்டும் பார்க்க வரவில்லை, என்னையும் பார்க்க வந்திருந்தார்கள். ஒன்றுக்கு மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பதில் அடுத்த வாரம் தரகர் மூலமாக வந்தது. பொய் சொன்னதைக்கூட அந்தக் கடைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். பெற்ற பெண் ரத்தம் வழிய அலறும்போது எழுந்து வராதவளை நம்பி என் பையனை எப்படி விடுவது என்று கேட்டாராம். என்னால் அவர்மேல் கோபப்பட முடிந்ததில்லை. அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு உட்கார்ந்தாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் அம்மா எந்த வரனுக்கும் பூ வைத்துக்கொள்ளவில்லை. மாமாவும் தேடுவதை விட்டுவிட்டார். அத்தை மட்டும் ரொம்ப நாள் எனக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அதைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

அன்று திரும்பும் வழியில், பஸ் ரிச்மண்ட் சர்க்கிள் பக்கம் சிக்னலில் நின்றபோது அம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொள்ள அந்த சீட்டில் இடமில்லை, என் கால் சீட்டுக்கு வெளியே, ஆட்கள் நடக்கும் வழியில் தொங்கியது. மோவாயிலிருந்த கைக்குட்டையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. காயத்தின் கிட்டே வாயைக் கொண்டுவந்து ஊதினாள்.

“அம்மான்னு கூப்பிடுடி” என்றாள் என் காதுக்குள்.

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஜெயிக்கப்போகிற நேரத்தில் பேச்சுக் கொடுத்து அவுட்டாக்குவது எல்லாரும் செய்கிற வேலைதான், நான் அதற்கெல்லாம் ஏமாறுகிறவள் இல்லை. அம்மா மறுபடியும் கேட்டாள். “ஒரே ஒரு தடவை.”

நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தந்திரம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று காட்டுவதற்காகச் சிரித்துக்கொண்டே, அத்தை என்றேன்.